செட்டப் கோப்பும் உங்கள் மென்பொருள்தான்: மலேசியத் தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். கடைக்கணக்கு, ஆலய நன்கொடைப் பதிவு, தமிழ்ப்பள்ளிப் பயிற்சி, தமிழ்த் தட்டச்சு என்று நம்மவர்களுக்காகக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். நான் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு கடைகளிலும் பள்ளிகளிலும் கணினி பராமரிக்கிறவன். நீங்கள் எழுதியதைக் கணினியில் ஏற்றுவதும், ஏறாவிட்டால் காரணம் தேடுவதும், பழைய பதிப்பை எடுத்துப் புதியதை வைப்பதும் என் பிழைப்பு. உங்கள் நிரல்களைப் பார்த்துப் பலமுறை பெருமைப்பட்டிருக்கிறேன். கேட்க வந்தது அந்த நிரலைப் பொதியாகக் கட்டி அனுப்புகிறீர்களே, அந்த நிறுவியைப் பற்றி, அதாவது செட்டப் கோப்பைப் பற்றி. ஆறு மாதம் நிரலுக்கு உழைக்கிறீர்கள். நிறுவியை வெளியீட்டுக்கு முதல் நாள் இரவில் கட்டுகிறீர்கள். அந்த ஓர் இரவு வேலையைத்தான் கடைக்காரரும் ஆசிரியரும் முதலில் சந்திக்கிறார்கள்.

முதலில் தரவு எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பேசிவிடுவோம். நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஏறக்குறைய எல்லாருமே நிர்வாகி உரிமையோடு கணினியைப் பயன்படுத்தினார்கள். நிரலுக்குப் பக்கத்திலேயே, புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே தரவை எழுதினாலும் ஓடியது. அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது அந்தக் கதவு மூடப்பட்டது. ஆனால் பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு செய்தது. தனக்கு என்ன உரிமை வேண்டும் என்று தன்னுள் அறிவிக்காத 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், அந்தக் கோப்பு சத்தமில்லாமல் அந்தப் பயனருக்கே உரிய வர்ச்சுவல் ஸ்டோர் என்னும் மறைவிடத்துக்குத் திருப்பிவிடப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது. விளைவைப் பாருங்கள்: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடை. காலையில் கல்லாவில் இருப்பவர் ஒரு பயனர் கணக்கிலும் மாலையில் வருபவர் வேறொரு கணக்கிலும் நுழைகிறார்கள். இருவரும் ஒரே கணக்கு மென்பொருளைத்தான் திறக்கிறார்கள். ஆனால் காலையில் போட்ட பில் மாலையில் இல்லை. இரண்டு பேருக்கும் இரண்டு தனித்தனி தரவுக் கோப்புகள் வளர்ந்திருக்கின்றன. முதலாளி நிர்வாகி உரிமையோடு திறந்தால் மூன்றாவதாக ஒரு கோப்பு, நிறுவிய அன்று இருந்தபடி வெறுமையாக. இந்த நிலையில் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். கல்லாவில் இருந்த பெண்ணைக் கண்ணீர் விட வைத்தது ஒரு கோப்புறைத் தேர்வு என்றால் நம்புவீர்களா?

ஆகவே நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கட்டும். கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொதுவான தரவு புரோகிராம் டேட்டாவுக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறையில் இருக்கட்டும். ஒருவருடைய தனி அமைப்புகள் அவருடைய ஆப் டேட்டாவுக்குள் போகட்டும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புரோகிராம் டேட்டாவில் சாதாரணப் பயனர் புதிய கோப்பு உண்டாக்கலாம், ஆனால் இன்னொருவர் உண்டாக்கியதைத் திருத்த முடியாது. அதனால் நிறுவும்போதே அந்தத் தரவுக் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். நிரல் இருக்கும் கோப்புறைக்கு அந்த உரிமையைக் கொடுக்கவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் உங்கள் நிரலை எடுத்துவிட்டு வேறொன்றை அதே பெயரில் வைக்க வழி திறந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பள்ளியில் ஆசிரியை சாதாரணக் கணக்கில் இருக்கிறார். நிறுவி நிர்வாகி கடவுச்சொல் கேட்கிறது, நான் தட்டுகிறேன். அந்த நொடியிலிருந்து நிறுவியின் கண்ணுக்கு இப்போதைய பயனர் என்றால் அந்த நிர்வாகிதான், ஆசிரியை அல்ல. நீங்கள் பயனரின் திரையில் வைத்த குறுக்குவழிச் சின்னம் நிர்வாகியின் திரைக்குப் போகிறது. பயனரின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எழுதிய அமைப்பும் அங்கேயே போகிறது. டீச்சர் தேடுகிறார், எதுவும் இல்லை. முழுக் கணினிக்கும் நிறுவுகிறீர்கள் என்றால் தனி ஒருவருக்கு உரிய எதையும் நிறுவி தொட வேண்டாம். முதல் தடவை திறக்கும்போது நிரலே தனக்கு வேண்டிய அமைப்புகளை உண்டாக்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது, தமிழில் எழுதும் நமக்கே உரிய ஒரு பிரச்சினை. நம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கணக்கின் பெயர் கவிதா என்று தமிழில் இருந்தால் அவருடைய வீட்டுக் கோப்புறையின் பெயரும் தமிழிலேயே அமைகிறது. தற்காலிகக் கோப்புகள் போகும் இடம் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடைப் பயன்படுத்தாத நிரல்களுக்காக விண்டோஸில் பழைய எட்டு பிட் குறியீட்டு அட்டவணைகள் பல மொழிகளுக்கு உண்டு, தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. யூனிகோடு அல்லாத நிறுவி அந்தப் பாதையைப் படித்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறும். கேள்விக்குறி விண்டோஸ் கோப்புப் பெயரில் வரவே கூடாத குறி. நிறுவி தன்னைத் தானே பிரித்து வைக்க முயலும் முதல் படியிலேயே விழுந்துவிடும். தமிழ் கற்பிக்கும் மென்பொருள், தமிழ்ப் பெயர் வைத்த கணக்கில் ஏறவில்லை என்றால் அதைத் தலைமையாசிரியரிடம் எப்படி விளக்குவது?

இதற்கு வழி எளிது. நிறுவி கட்டும் கருவியான இன்னோ செட்டப் 2019-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து யூனிகோடு மட்டுமே. அதே வேலைக்கான என்.எஸ்.ஐ.எஸ் கருவியின் மூன்றாம் பதிப்பும் யூனிகோடு நிறுவிகளைக் கட்டித் தருகிறது. இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை. யாரோ பத்தாண்டுக்கு முன் எழுதி வைத்த வரிகளை இன்னும் பழைய கருவியில் ஓட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கூடிய நகரம் கோலாலம்பூர். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் பிறந்ததும் இந்த நாட்டில்தான். எழுத்துருக் குழப்பத்திலிருந்து தமிழை யூனிகோடுக்குக் கொண்டுவர உழைத்தவர்களின் ஊரிலிருந்து வரும் பொதி தமிழ்ப் பெயரைக் கண்டு தடுக்கி விழக் கூடாது.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். உங்கள் நிரலுக்கு ஒரு தமிழ் எழுத்துரு தேவை என்றால் அதை உங்கள் நிரல் மட்டும் தனியாக ஏற்றிக்கொள்ளும்படி செய்யலாம். கணினி முழுவதற்கும் நிறுவினால், ஏற்கெனவே இருக்கும் புதிய பதிப்பின் மேல் உங்கள் பழைய பதிப்பு விழும். பிறகு உங்கள் மென்பொருளை நீக்கும்போது அந்த எழுத்துருவும் போய், தேர்வுத்தாள் அச்சடிக்கும் வேறொரு நிரல் கட்டம் கட்டமாகக் காட்டும்.

மேம்படுத்தலுக்கு வருகிறேன். இதில் நம் வணிகர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2015 ஏப்ரல் 1-இல் பொருள் சேவை வரியான ஜி.எஸ்.டி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது பூஜ்ய விழுக்காடு ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரியான எஸ்.எஸ்.டி வந்தது. 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்குச் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் நாட்டிலுள்ள கணக்கு மென்பொருள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் வரி விதியைச் சரியாக எழுதிய மென்பொருள்கள்கூட நிறுவியால் கெட்ட பெயர் வாங்கின.

ஒரு மேம்படுத்தல் ஏற்றியதும் ஒரு கடையின் பல ஆண்டு வாடிக்கையாளர் பட்டியல் மறைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். பொதிக்குள் வெறுமையான தரவுக் கோப்பு ஒன்று இருந்தது. புதிய பதிப்பு முதலில் பழையதை நீக்கியது, பழையதோடு தரவும் போனது, அந்த இடத்தில் வெற்றுக் கோப்பு வந்து உட்கார்ந்தது. இன்னோ செட்டப்பில் இந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாதே, நீக்கும்போதும் விட்டுவிடு என்று சொல்ல இரண்டு கொடிகள் (ஃபிளாக்) உண்டு. இதைவிட நல்ல வழி, தரவுக் கோப்பைப் பொதியில் வைக்கவே வைக்காமல், இல்லாவிட்டால் மட்டும் நிரலே உண்டாக்கிக்கொள்வது. தரவின் அமைப்பு மாறுகிறது என்றால் மாற்றும் முன் தேதியிட்ட ஒரு நகலை எடுத்து வையுங்கள், நகல் எங்கே இருக்கிறது என்று திரையில் தமிழிலோ மலாயிலோ சொல்லுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் கையாளும் பொதி வகையான எம்.எஸ்.ஐ கட்டுகிறவர்கள் பதிப்பு எண்ணில் கவனமாக இருங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடும். 2.4.1.7-க்குப் பிறகு 2.4.1.8 விட்டால் அதன் பார்வையில் இரண்டும் ஒன்றே. பழையது நீங்காமல், ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் செயலிகள் பட்டியலில் நிற்கும். பெரிய மேம்படுத்தல் ஒவ்வொன்றுக்கும் பொருள் குறியீடு (புராடக்ட் கோட்) மாற வேண்டும், மேம்படுத்தல் குறியீடு (அப்கிரேட் கோட்) அந்த மென்பொருளின் ஆயுள் முழுக்க மாறவே கூடாது. அதை எழுதிப் பாதுகாப்பாக வையுங்கள். உங்களோடு வேலை செய்த நண்பர் ஒருவர் விலகிப் போனால் அவர் மடிக்கணினியோடு அதுவும் போய்விடக் கூடாது. எம்.எஸ்.ஐ-யின் பெரிய பலம், பாதியில் தவறினால் செய்ததையெல்லாம் திரும்ப அவிழ்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நீங்களாகச் சேர்க்கும் தனிச் செயல்களுக்கு அந்த அவிழ்ப்பை நீங்களேதான் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பாதி பழையது, பாதி புதியது என்று எனக்கு வந்து சேரும்.

இப்போது கையொப்பம், அதாவது கோப்பு உங்களிடமிருந்துதான் வந்தது, இடையில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்கையொப்பம். இதைத்தான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கையொப்பம் இல்லாத நிறுவியைத் திறந்தால் விண்டோஸின் எச்சரிக்கைக் காவலான ஸ்மார்ட் ஸ்கிரீனின் நீலத் திரை வருகிறது. அதற்கு உங்களில் சிலர் அனுப்பும் வழிகாட்டி என்ன சொல்கிறது? கூடுதல் தகவலை அழுத்துங்கள், எப்படியும் இயக்கு என்பதை அழுத்துங்கள், வைரஸ் தடுப்பானைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். அந்தக் கோப்பும் வாட்ஸ்அப்பில் கைமாறி வருகிறது. தம்பி, இதைப் படிக்கும் அறுபது வயது கடைக்காரர் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்: எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகலாம். நாளை வேறு எவனோ அனுப்பும் கோப்புக்கும் அவர் அப்படியே செய்வார். நம் மக்களை நாமே இப்படிப் பழக்குகிறோம்.

கணக்கு மென்பொருளை யார் குறிவைப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2017 ஜூன் மாதம் உலகத்தையே உலுக்கிய நாட்பெட்யா என்னும் தீநிரல் பரவியது உக்ரேனில் வரிக்கணக்குக்குப் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற மென்பொருளின் மேம்படுத்தல் வழியாகத்தான். மெர்ஸ்க் போன்ற கப்பல் நிறுவனமே முடங்கிப் போனது. மேம்படுத்தலை வழங்கும் சேவையகம் யார் கையில் இருக்கிறதோ, வாடிக்கையாளர்களின் கணினிகள் எல்லாம் அவர் கையில்.

கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் செலவாகும், தெரியும். 2023 ஜூன் முதல் அதன் ரகசியத் திறவுகோல் வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனாலும் விலை வைத்து விற்கும் மென்பொருளுக்கு அதை உற்பத்திச் செலவாகவே கணக்கிடுங்கள். இலவசமாகத் தருகிறவர்கள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியை யோசிக்கலாம். எம்.எஸ்.ஐ.எக்ஸ் பொதியாக அங்கே கொடுத்தால் கையொப்பத்தை அவர்களே இடுகிறார்கள். நீங்களே கையொப்பமிட்டால் நேரமுத்திரையும் சேர்த்து இடுங்கள். அது இருந்தால் சான்றிதழின் காலம் முடிந்த பிறகும் அன்று இட்ட கையொப்பம் செல்லும். இரண்டும் இப்போதைக்கு முடியாது என்றால், குறைந்தது கோப்பின் கைரேகை போன்ற எஸ்.எச்.ஏ 256 எண்ணை உங்கள் சொந்தத் தளத்தில் போட்டு வையுங்கள். கடையில் ஏற்றும் முன் நான் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பள்ளிக் கணினிக்கூடத்துக்கு வருவோம். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு கூடத்தில் வரிசையாக இருக்கும் கணினிகள் எல்லாவற்றிலும் உங்கள் நிரலை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் அடுத்து, அடுத்து, ஏற்கிறேன், முடி என்று அழுத்திக்கொண்டிருந்தால் பள்ளி விடுமுறை போதாது. கேள்வி கேட்காமல் ஏறும் வழி உங்கள் நிறுவியில் இருக்கட்டும், அந்தக் கட்டளையை ஆவணத்தில் எழுதியும் வையுங்கள். கருவிகளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். அமைதி நிலையில் ஓடும்போதும் ஓர் அறிவிப்புப் பெட்டியைத் திறந்து சரி என்ற பதிலுக்காக யாரும் பார்க்காத திரையில் காத்திருக்கும் நிறுவிகள் உண்டு. சொல்லாமல் கணினியை மறுதொடக்கம் செய்பவையும் உண்டு. வெற்றி என்றால் 0, மறுதொடக்கம் தேவை என்றால் 3010 என்று முடிவுக் குறியீட்டை ஒழுங்காகத் திருப்புங்கள். தோற்றாலும் 0 என்று திருப்பும் நிறுவி பொய் சொல்கிறது. நடந்ததைப் பதிவுக் கோப்பில் (லாக்) எழுதுங்கள். ஏதோ தவறியது என்று மட்டும் சொல்லும் 1603 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நான் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தேவையான துணைத் தொகுதிகளையும் பொதிக்குள்ளேயே வையுங்கள். உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டூடியோ இருப்பதால் விஷுவல் சி++ நூலகங்கள் தாமாகவே அங்கே இருக்கின்றன. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் அவை இருப்பதில்லை. இணையமும் அங்கே வேகமாக இராது. மூன்று எம்.பி கோப்பைக் கொடுத்துவிட்டு மீதி முந்நூறை இணையத்திலிருந்து இழுக்கும் நிறுவி அங்கே பாதி நாளைத் தின்றுவிடும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கடைகள் கணினி மாற்றுகின்றன. மென்பொருள் செய்தவர்கள் தொழிலை விட்டுப்போயிருக்கிறார்கள், இறக்கித் தரும் சேவையகம் அணைந்துவிட்டது, பழைய பென் டிரைவில் இருக்கும் சிறிய கோப்பால் ஒரு பயனும் இல்லை. முழுமையான பொதி கொடுத்திருந்தால் அந்தக் கடைக்காரர் தம் கணக்கை இன்னும் திறந்திருப்பார்.

நீக்குவதைப் பற்றி நீண்டு எழுத வேண்டியதில்லை. திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் தோரணத்தையும் வாழைமரத்தையும் அவிழ்த்துவிட்டுத்தானே சாவியைக் கொடுப்பார். நீங்கள் சேர்த்த சேவை, திட்டமிட்ட பணி, தீச்சுவர் (ஃபயர்வால்) விதி, தொடக்கத்தில் ஓடும் நிரல் எல்லாம் உங்களோடு போக வேண்டும். பயனர் எழுதியது மட்டும் அவருடையது, அதை விட்டுச் செல்லுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் இதற்கு நல்ல மரபு இருக்கிறது. நீக்கு என்றால் அமைப்புக் கோப்புகள் தங்கும், துடைத்து நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் அவையும் போகும். பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டு உயிர் கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அவர்களுக்கும் எழுதுகிறீர்கள் என்றால் இணையத்திலிருந்து நேரே ஓடும் ஸ்கிரிப்டைக் கொடுக்காமல் டெப் பொதியாகக் கொடுங்கள். அதனுள்ளே வைக்கும் ஸ்கிரிப்டுகள் இரண்டாம் முறை ஓடினாலும் கேடு செய்யாதபடி எழுதுங்கள், ஏனென்றால் அவை ஓடும்.

பொதியைக் கட்டும் வேலையை ஒரே கட்டளையில் முடியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவரின் மேசைத்திரைக் கோப்புறையிலிருந்து கையால் அள்ளிப் போட்டால் வேண்டாததும் சேர்ந்து வரும். ஒரு நிறுவியில் சோதனைக்காக வைத்திருந்த தரவுக் கோப்பு அப்படியே வந்திருந்தது. திறந்தால் வேறொரு வாடிக்கையாளரின் ஊழியர் பெயர்களும் அடையாள அட்டை எண்களும் சம்பளமும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இந்த நாட்டில் இருக்கிறது. அதைவிட, அந்த ஊழியர்களின் சம்பளம் இன்னொரு கடையில் தெரிந்துபோனது என்பதே போதுமான காரணம்.

இவ்வளவையும் சரிபார்க்க ஒரு தூய கணினி வேண்டும். விண்டோஸ் 10, 11 புரோ பதிப்புகளில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது, மூடினால் எல்லாம் அழிந்து அடுத்த முறை புதிதாகத் திறக்கும். மெய்நிகர்க் கணினி வைத்திருந்தால் இன்னும் நல்லது, வேண்டிய நிலையைப் பதிந்து வைத்துத் திரும்பத் திரும்ப அங்கே போகலாம். சாதாரணப் பயனராக ஏற்றிப் பாருங்கள். தமிழ்ப் பெயர் வைத்த கணக்கில் ஏற்றிப் பாருங்கள். மூன்று பதிப்புக்கு முந்தையதை உண்மையான தரவின் அளவோடு நிரப்பி அதன் மேல் புதியதை ஏற்றிப் பாருங்கள். பாதியில் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். இரண்டு பயனர்கள் மாறி மாறித் திறந்து பாருங்கள். பிறகு நீக்கிவிட்டு என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடுங்கள்.

அதற்குக் கணினி இல்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். கடைகள் கழித்துப் போட்ட கணினிகள் சில என்னிடம் இருக்கின்றன. தமிழ்ப் பயனர் பெயரோடு ஒன்று, இணையமே இல்லாமல் ஒன்று, நினைவகம் குறைந்த பழையது ஒன்று. நகர்ப்புறத்திலும் தோட்டப் பக்கத்திலும் உள்ள பள்ளிகளின் பொறுப்பாளர்களிடம் கேட்டு, விடுமுறை நாளில் கணினிக்கூடத்தைத் திறந்து தரச் சொல்லவும் என்னால் முடியும். வெளியிடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் உங்கள் பொதியை அனுப்புங்கள். ஏற்றி, மேம்படுத்தி, நீக்கிப் பார்த்து, பதிவுக் கோப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

அன்புடன்,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு